ஒப்பீடும் ஒப்புரவும்

ஒன்றை மற்றொன்றோடு வைத்து ஏற்றத்தாழ்வு காண்பதை ஒப்பீடு என்றும், தன்னிடம் உள்ளதை ஊருக்குப் பொதுவாக்கி வாழ்வதை ஒப்புரவு என்றும் தமிழ் வழங்குகிறது. இரண்டும் ‘ஒப்பு’ என்னும் ஒரே அடியிலிருந்து கிளைத்த சொற்களாயினும், நடைமுறையில் முன்னது போட்டிக்கும் பின்னது பகிர்வுக்கும் இட்டுச் செல்வதால், ஒரு நிறுவனம் இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ள இயலுமா என்பது அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்றாகிறது. அருகருகே அமைந்த மருத்துவக் கல்லூரிகளிடத்தும் அவற்றின் போதனை மருத்துவமனைகளிடத்தும், அதாவது சிகிச்சை அளித்துக்கொண்டே மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கும் மருத்துவமனைகளிடத்தும், இவ்வினா கூர்மை பெறுகிறது. ஏனெனில் அங்கே ஒப்பீட்டின் விளைவையும் பகிர்வின் விளைவையும் தாங்க வேண்டியவர் நோயாளியே.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். பாஸ்டன் வட்டாரத்தில் 1782இல் ஹார்வர்டும், 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகமும், 1893இல் டஃப்ட்ஸும் மருத்துவக் கல்வியைத் தொடங்கின. ஹார்வர்டு மருத்துவப் பள்ளிக்குச் சொந்தமாக மருத்துவமனை கிடையாது; மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை போன்ற தனி நிர்வாகங்களோடு இணைப்பு ஏற்படுத்திக்கொண்டே அது கற்பித்து வருவதால், ஒரே பள்ளியின் ஆசிரியர்கள் வெவ்வேறு மருத்துவமனைகளின் பெயரால் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிலையும் அங்கு உண்டு.

இப்போட்டியின் இயல்பை விளக்க, மெய்யியலாளர் அலஸ்டெயர் மெக்கின்டயர் 1981இல் முன்வைத்த ஒரு வேறுபாடு துணை செய்கிறது. ஒரு தொழிலிலிருந்து கிடைக்கும் பணம், புகழ், அதிகாரம் ஆகிய புறப்பயன்கள் ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறைபவை. அத்தொழிலுக்கே உரிய அறிவும் திறனும் ஆகிய அகப்பயன்களோ, ஒருவர் எய்தினாலும் அத்தொழிலில் ஈடுபட்டோர் அனைவரையும் வளப்படுத்துபவை. 1846 அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை நடத்த வழிகாட்டிய பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன், அம்மருந்து இன்னதென்பதை மறைத்து, காப்புரிமையும் பெற்றார். மருந்தின் பெயர் தெரியாமல் அதனைத் தொடர்ந்து பயன்படுத்த அறுவை மருத்துவர்கள் இசையவில்லை. உண்மை வெளியான பின்னரே நவம்பரில் அறுவைகள் தொடர்ந்தன, ஆண்டு முடிவதற்குள் லண்டனிலும் ஈதர் பயன்பட்டது. புறப்பயன் மறைத்து வைக்கத் தூண்டியதை அகப்பயன் உலகுக்குப் பொதுவாக்கியது.

எனினும் அறிவு பொதுவாவதாலேயே அறம் நிறைவுற்றுவிடாது. 1864இல் திறக்கப்பட்ட பாஸ்டன் நகர மருத்துவமனையில், இருபதாம் நூற்றாண்டின் பல பத்தாண்டுகள், மூன்று பள்ளிகளும் தத்தமக்கெனப் பிரிவுகளை நடத்தின. ஒரே கூரையின்கீழ் மூன்று மரபுகள் இயங்கியது, ஒருவர் முறையை மற்றவர் கண்டு தம்மைத் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தது. ஆனால் அங்கு வந்தோர் பெரும்பாலும் ஏழைகள், தம் மருத்துவரைத் தாமே தெரிந்தெடுக்க வழியற்றவர்கள். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாமல் எப்போதும் நோக்கமாகவும் மதிக்க வேண்டும் என்ற இம்மானுவேல் காண்ட்டின் நெறியை இங்குப் பொருத்தினால், நோயாளியின் உடலிலிருந்து மாணவர் கற்பது தவறன்று என்பதும், அவர் இசைவும் நலனும் பொருட்படுத்தப்படாமல் கற்பதே தவறு என்பதும் விளங்கும்.

ஒப்புரவின் தேவையை உறுப்பு மாற்றுச் சிகிச்சை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1954இல் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையரிடையே நடந்ததால் உடல் அவ்வுறுப்பை அயலானது என்று ஒதுக்கவில்லை. இறந்தவரின் சிறுநீரகத்தைப் பிறருக்குப் பொருத்தும்போதோ இரத்த வகையும், இயன்றவரை திசு வகையும் ஒத்துப்போக வேண்டும். குளிரில் வைத்தாலும் அவ்வுறுப்பு நெடுநாள் தாங்காது. தகுதியான நோயாளி அடுத்த மருத்துவமனையில் இருக்கக்கூடும் என்பதால், காத்திருப்போர் பட்டியல் எத்துணை விரிகிறதோ அத்துணை நல்ல பொருத்தம் கிடைக்கும். 1968இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து உறுப்பு வங்கி தோன்றியபோது, தனித்தனி மருத்துவமனைகளின் தேவைகள் ஒரு பொது ஏற்பாட்டுக்குள் வந்தன.

ஆயினும் கூடிச் செயல்படுவதெல்லாம் ஒப்புரவு ஆகாது. விலை பேசும் வலிமைக்காக மட்டும் மருத்துவமனைகள் இணையுமாயின், அங்கே பகிரப்படுவது புறப்பயனே. மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைகள் பெறும் கட்டணம் சிகிச்சையின் தரத்தை ஒட்டி அமையாமல் சந்தை வலிமையை ஒட்டி அமைவதைச் சுட்டியது. அத்தகைய கூட்டின் சுமை இறுதியில் நோயாளியின் தலைமேல்தான் விழுகிறது.

ஆதலால் போட்டி தீது, கூட்டு நன்று என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பது பொருந்தாது. இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும்போது கிடைத்த அறிவு, குறைந்து நின்ற மருத்துவமனையின் நோயாளிக்கும் போய்ச் சேருமாயின், அவ்வொப்பீடே ஒப்புரவின் முதற்படியாகிறது. அது தரவரிசையாக மட்டும் நின்றுவிட்டால், எந்த மருத்துவமனையின் வாசலில் வந்து விழுந்தார் என்னும் தற்செயலே ஒருவர் பிழைப்பதையும் மாள்வதையும் முடிவு செய்யும். இரு மருத்துவமனைகளின் கட்டில்களிலும் கிடப்பது ஒரே தன்மையுள்ள மனித உடல் என்பதே, இவ்விரு சொற்களுக்கும் அடியாக நிற்கும் அந்த ‘ஒப்பு’ ஆகும்.