கோபத்துக்கு வாரிசு உண்டா?

பரம்பரைச் சொத்தைச் சூதாடித் தொலைத்த பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ கதைகளில் படித்திருக்கிறோம். சொத்தைக் கொளுத்திய பிள்ளை ஒருவர் உண்டு.

2016 நவம்பர் 26ஆம் தேதி லண்டனில், தேம்ஸ் நதியில் நின்ற படகொன்றில் ஜோ கோரே என்பவர் தீ மூட்டினார். எரிந்தவை அவரிடமிருந்த பழைய உடைகளும் இசை நினைவுப் பொருள்களும். மதிப்பு 50 லட்சம் பவுன் என்று சொல்லப்பட்டது. அவருடைய தந்தை மால்கம் மெக்லாரன், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற இசைக்குழுவை நடத்தியவர். தாய் விவியன் வெஸ்ட்வுட், அந்தக் கூட்டத்தின் உடைகளை உருவாக்கியவர்.

'பங்க் ராக்' என்று அந்த இசைக்குப் பெயர். முறையான பயிற்சி இல்லாத வாலிபர்கள், இரண்டு மூன்று ஸ்வரக் கூட்டுகளை வைத்துக்கொண்டு ஊரை நோக்கிக் கத்திய கோபம் அது. 1977இல் அரசியைச் சாடி அவர்கள் பாடிய பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதே பங்குக்கு 2016இல் நாற்பதாம் ஆண்டு விழா எடுத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். பெற்றோரின் கோபத்தைக் காட்சிப் பொருளாக்கிவிட்டார்களே என்று மகனுக்குக் கோபம்.

அவர் செய்தது நியாயமா? அவருடைய மனவேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பெற்ற பிள்ளை என்பதனால் மட்டும் அந்தக் கோபத்துக்கு அவர் வாரிசாகிவிடுவாரா?

1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு சிறிய அரங்கில் அந்தக் குழு பாடியது. வந்திருந்தவர்கள் சில டஜன் பேர்தான். அவர்களில் ஒருவரான பீட்டர் ஹூக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பிறகு அவரும் நண்பர்களும் அமைத்த குழுதான் 'ஜாய் டிவிஷன்'. அன்றைய கச்சேரியை ஏற்பாடு செய்த இளைஞர்கள் 'பஸ்காக்ஸ்' என்ற குழுவாகி, 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் கணக்கில் இவர்களே வாரிசுகள்.

ஜாய் டிவிஷனின் 1979ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையில், ஒரு விண்மீனின் வானொலித் துடிப்புகள் அலையலையான கோடுகளாக இருக்கும். அந்தப் படம் போட்ட பனியனை அணிந்துகொண்டு இன்று பல நாட்டு இளைஞர்கள் திரிகிறார்கள். பாட்டைக் கேட்டிராதவர்களும் அவர்களில் உண்டு. "எங்கே, மூன்று பாட்டின் பெயர் சொல்லு பார்க்கலாம்!" என்று மூத்த ரசிகர்கள் அவர்களை மடக்குகிறார்கள்.

அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. "உனக்குத் தகுதி உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டவர்களைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர்கள் அல்லவா இவர்கள்? வயதான பிறகு அதே வாசலில் தாங்களே காவல் நிற்கலாமா?

"நாங்கள் தேடித் தேடிக் கேட்டோம், இவர்களுக்கு எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது" என்பது இன்னொரு குறை. சுலபமாகக் கிடைப்பது பாவமில்லை. 1978இல் ஜான் பீல் என்ற வானொலி அறிவிப்பாளர், வட அயர்லாந்தின் 'அண்டர்டோன்ஸ்' என்ற புதிய குழுவின் பாட்டை ஒரே மூச்சில் இரண்டு முறை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் அதற்காக என்ன பாடுபட்டார்கள்? வானொலியைத் திருகியதோடு சரி.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பீல் யாரும் கேட்காததைக் கொண்டுவந்து கொடுத்தார். கைப்பேசியோ, நேற்று நமக்குப் பிடித்ததைப் போன்ற ஒன்றையே பெரும்பாலும் இன்றும் நீட்டுகிறது. நீட்டியதை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் நம் ரசனை ஒரு சிறையாகிவிடும். அந்தச் சிறையை உடைப்பது இளைஞர்களின் பொறுப்பு. ஜான் பீலைப் போல் கொண்டுவந்து கொடுப்பது மூத்தவர்களின் கடமை.

அந்தப் பனியனோடு ஒரு பிள்ளை எதிரே வந்தால் பரீட்சை வைக்காதீர்கள். உட்காரவைத்து அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்று அவன் எழுந்து போனாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் தனக்கென்று வேறொன்றைத் தேடப் போகிறவனாக இருக்கலாம்.