மூச்சின் அளவை விதித்தது யார்?

ஒவ்வோர் உயிரும் இத்தனை மூச்சு என்று எண்ணித்தான் அனுப்பப்படுகிறது என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று யோக மரபு கணக்கும் தந்திருக்கிறது. இதயச் சத்திரசிகிச்சைக்காக ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் தோட்டத் தொழிலாளியின் முன் இன்னொரு கணக்கும் வைக்கப்படுகிறது. ஒரு குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, முழு வேகத்தில் ஊதச் சொல்கிறார்கள். அவர் ஊதிய காற்று, ‘இவருக்கு இருக்கவேண்டிய அளவில்’ எத்தனை வீதம் என்று ஸ்பைரோமீட்டர் சொல்கிறது. கோயிலின் கணக்கும் கருவியின் கணக்கும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: உனக்குரிய அளவு உனக்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டது என்கின்றன. மலையகத்தைப் பொறுத்தவரை அந்த அளவின் பெரும்பகுதியை மனிதரே குறித்திருக்கிறார்கள். அதைத் தெய்வத்தின் பெயரிலோ இயற்கையின் பெயரிலோ ஏற்றுக்கொள்ள நம் சமயமே இடம் தரவில்லை என்பதுதான் என் வாதம்.

இந்த ‘இருக்கவேண்டிய அளவு’ எப்படி வந்தது என்று பார்ப்போம். 1846இல் ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதவைத்து, மூச்சின் கொள்ளளவு உயரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்று காட்டினார். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் ஐந்தே ஆண்டுகளில், அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகளின் நுரையீரல் வெள்ளையருடையதைவிட 20 வீதம் குறைந்தது என்றும், கட்டாய உழைப்பே அவர்களுக்கு நலம் தருவது என்றும் எழுதினார். அடிமைத்தனம் செய்த கேட்டையே அடிமைத்தனத்துக்கு நியாயமாக்கிய எழுத்து அது. இனத்துக்கு ஓர் அளவு என்ற பழக்கம் அதன் பிறகும் நெடுங்காலம் நிலைத்தது. 2012இல் வெளியான உலகளாவிய அளவுகோலில்கூட நான்கு இனப் பிரிவுகள் இருந்தன. தென்னாசியருக்குத் தனியிடமில்லை, ‘ஏனையோர்’ என்ற வகைக்குள்தான் நாம் அடங்கினோம். 2022இல்தான் இனத்தைக் கைவிட்டு வயது, பால், உயரம் மூன்றை மட்டும் கொள்ளும் அளவுகோல் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் உயரம் அப்படியே இருக்கிறது, மலையகத்தின் சிக்கல் உயரத்தில்தான் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் இலங்கை குடித்தொகை, சுகாதாரக் கணிப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் அது ஏறக்குறைய 32 வீதம். ஊட்டமற்ற தாய், நிறை குறைந்த சிசு, விறகடுப்புப் புகை நிறைந்த லயத்துக் குசினி என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததன் விளைவு இது. அப்படி வளர்ந்த பெண் பத்து சென்ரிமீற்றர் குட்டையாக இருந்தால், கருவி அவரிடம் எதிர்பார்க்கும் காற்று ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைந்த அளவை அவர் எட்டியதும் ‘இயல்பு’ என்று எழுதிவிடுகிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே பெண்ணுக்கு வேறு அளவு. பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் வைக்கப்பட்டிருக்கும் இலக்கை எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அங்கே உயரத்தைப் பார்த்து எவரும் கிலோவைக் குறைப்பதில்லை. உழைப்பைக் கேட்கும்போது முழு மனுஷியின் அளவு, மூச்சைக் கேட்கும்போது குறுகிய மனுஷியின் அளவு. இரண்டையும் குறித்தவர்கள் அவரைக் கேட்டுக் குறிக்கவில்லை.

மருத்துவர் இதை மறுப்பார், அவர் மறுப்பில் நியாயமும் உண்டு. கருவியின் வேலை நோயைக் கண்டுபிடிப்பது, சமூகநீதி சொல்வதன்று. குட்டையான ஒருவரை நெட்டையானவரின் அளவால் அளந்தால், நலமாயிருப்பவரும் நோயாளியாகிவிடுவார், அவருக்குக் கிடைக்கவேண்டிய சத்திரசிகிச்சையே தள்ளிப்போகலாம். சிறிய உடலுக்குக் குறைந்த காற்றே போதும் என்பதும் உண்மை. ஆகவே அந்த எண்ணை மாற்றச் சொல்லவில்லை. வாட்டில் கிடக்கும் உடலுக்குக் காற்று போதும் என்பதிலிருந்து மலையில் ஏறும் வாழ்க்கைக்கும் போதும் என்று தாவுவதைத்தான் மறுக்கிறேன். உடல் சிறுத்தால் சரிவு தாழ்வதில்லை, தலையில் மாட்டிய கொழுந்துச் சாக்கும் இலேசாவதில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கொழும்பில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்த ஒட்சிசன்தான் கிடைக்கிறது. அந்த வாழ்க்கைக்குத் திரும்புகிறவருக்கு ‘இயல்பு’ என்ற சொல் அரைகுறையான பதில்.

அதுவும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, இருக்கும் மூச்சிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. நெஞ்செலும்பை அறுத்துத் திறக்கிறார்கள். மயக்கத்தில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கிடக்கிறது. பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு குளிராலோ காயத்தாலோ சோர்ந்துபோவதும் உண்டு. இருமினால் வலிக்கிறது என்று நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், சளி தேங்குகிறது, நியுமோனியா வருகிறது. முதல் நாள்களில் மூச்சுக் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைவது வழக்கம், மீள மாதங்களாகும். எண்ணிவைத்த மூச்சைச் செலவழிக்காமல் அசையாது படுத்திருப்பதே பத்திரம் என்ற எண்ணம் மிகுந்த கேடு செய்வது இந்த நாள்களில்தான்.

அந்த எண்ணம் நம் மரபின் முழுக் குரலும் அன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குத் தனிப்பகுதியே ஒதுக்கியிருக்கிறார். மூச்சு என்பது எண்ணி வாங்கிவந்த சொத்து மட்டுமென்றால் பயிற்சிக்கு அங்கே என்ன வேலை? பழக்கினால் வசப்படும் என்று நம்பியவர்தான் அதைக் கற்பிக்க முடியும். இக்கால ஆய்வும் அந்தத் திசையையே காட்டுகிறது. 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு முன்பே மூச்சிழுக்கும் தசைகளைப் பயிற்றிய நோயாளிகளில் 18 வீதமானோருக்கே நுரையீரல் சிக்கல்கள் வந்தன, பயிற்சி பெறாதோரில் 35 வீதம். ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. சத்திரசிகிச்சைக்குப் பின் பந்து மேலேறும் கருவியை இழுக்கத் தருவது மட்டும் பயன் தருகிறது என்பதற்கு 2012இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பிராணாயாமம் என்ற பெயரில் ஆறாத நெஞ்சோடு மூச்சை அடக்கி முக்குவதும் ஆபத்து. பயிற்சி மருத்துவரின் மேற்பார்வையில், முன்கூட்டியே தொடங்கவேண்டும்.

இனி வரும் மறுப்பு பக்தருடையது, இதுவே கடினமானது. குறுகிய உடலும் பசித்த பிள்ளைப்பருவமும் பிராரத்த வினையின் பயன், பிறர் வழியாக வந்தாலும் அது என் வினையே என்பார். சைவ சித்தாந்தம் வினைப்பயன் பிற உயிர்கள் வழியாகவும் வந்து சேரும் என்று ஒப்புகிறது, அதை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. ஆனால் அதே சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறது: துன்பத்துக்குக் கருவியாகிறவர் தமக்கு ஆகாமிய வினையைப் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறார். அப்படியானால் பட்டவரின் பொறுமையோடு கணக்கு முடிவதில்லை. பிள்ளையின் பசியில் இலாபம் கண்ட கம்பனியின் பேரில், 1948இல் குடியுரிமையைப் பறித்த அரசின் பேரில், அந்தத் தேயிலையைக் குடித்துக்கொண்டு பேசாதிருந்த நம் பேரில் அது எழுதப்படுகிறது. வினைக்கொள்கையை நோயாளியின் கட்டிலருகே மட்டும் ஓதிவிட்டு, தோட்ட ஒபீசிலும் அமைச்சிலும் ஓதாமல் விடுவது கொள்கையைப் பாதியாக வெட்டுவதாகும்.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டி 2017இல் திறந்த வைத்தியசாலை போன்றவை தேவைதான், ஆனால் மூச்சுக் குறைவது வாட்டுக்கு வருவதற்கு நெடுநாள் முன்பு. கோயில் திருவிழாக் கணக்கு வாசிக்கும் தோட்டத்துக் கூட்டத்தில், லயத்துக் குசினிகளில் இந்த வருடம் எத்தனைக்குப் புகைபோக்கி வைத்தோம், கர்ப்பிணிகளின் சாப்பாட்டுக்கு என்ன ஒதுக்கினோம் என்ற கேள்விகளும் எழட்டும். அவை சமயத்துக்குப் புறம்பானவை என்று தள்ளுகிறவர், பிறர் துன்பத்தைத் தடுக்கக்கூடியவர் தடுக்காதிருந்தால் அவருக்கு வினை சேராது என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது எனக் காட்டட்டும்.