கிரகணமும் ஆணவ மறைப்பும்



2018ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி தைப்பூசத் திருநாள். அன்று மாலை யாம் மாணாக்கர் சிலருடன் இலங்கைத்துறைக் கடற்கரையில் நின்றோம். எம் முதுகுப்புறத்தே ஞாயிறு சாய்ந்தது. எதிரே கடலின்மேல் எழவேண்டிய பூரணைச் சந்திரனோ கண்ணுக்குப் புலப்பட்டிலன். மாலை 5.18க்கே கிரகணம் தொடங்கிவிட்டமையால், உதிக்கும்போதே அவன் பெரும்பாலும் மறைந்திருந்தான். 6.21க்கு மறைப்பு முழுமையாயிற்று. இருள் செறிந்த பின்னரே, ஆறுந் தணல் போன்ற செவ்வட்டமொன்று கடலின்மேல் தோன்றியது.

மாணாக்கனொருவன், "ஐயா, பாடப்புத்தகம் நிழல் என்கின்றது, அம்மம்மா பாம்பு என்கின்றா. எது மெய்?" என்று வினாவினான்.

இவ்வினா எமக்குப் புதிதன்று. யாம் மிஷன் பள்ளியிற் கற்ற நாளில் ஆசிரியரொருவர் இதனையே எடுத்து நம் சமயத்தை வகுப்பின் நடுவே நகைத்தார். யாம் விடையறியாது தலைகுனிந்தோம். அந்நாணம் பல்லாண்டு திருநீறணியவும் எம்மைக் கூசச்செய்தது. ஆகலின் அம்மாணாக்கனை விடையின்றி வீடு செல்லவிட எமக்கு மனம் வந்திலது.

யாழ்ப்பாணத்தில் 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணம் பற்றி நிகழ்ந்த வாதத்தை நீவிர் அறிவீர்கள். அராலி விசுவநாத சாஸ்திரியாரது பஞ்சாங்கக் கணக்கும், வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவர் டானியல் பூவர் பாதிரியாரது கணக்கும் வேறுபட்டன. பாதிரியார் கணக்கே பொருந்திற்று. இதனை ஒப்புக்கொள்ளுதல் நமக்கு இழிவன்று. பிழைத்தது கணக்கேயன்றிச் சித்தாந்தமன்று. சாஸ்திரியாரும் பாம்பின் பசியைக் கணித்தாரல்லர். கோள்களின் கதியையே கணித்தார். நிலவைப் பூமியின் நிழலே மறைக்கின்றதென்பதை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே நூலில் உரைத்துள்ளார். இராகுவென்பது சந்திரன் செல்லும் வழி ஞாயிற்றின் வழியை வெட்டும் இடத்துக்குக் கணிதர் இட்ட பெயர். புராணம் அதனைக் கதையாக்கிப் பாமரர் நெஞ்சில் நிறுத்திற்று.

ஆயின் கணிதத்தோடு நின்றுவிடுதல் சைவாசிரியர்க்குப் போதாது. உதயகால கிரகணம் ஒரு தத்துவ பாடமுமாம். முதுகிற் கதிரவன், முகத்திற் சந்திரன், இடையே நம் அடிக்கீழ் நிலம். அந்நிழல் எவருடையது? நாம் எமதென்று ஊன்றிநிற்கும் இந்நிலத்தினது. சந்திரனுக்குத் தன்னொளியில்லை, உயிரும் அறிவித்தால் அறிவதன்றித் தானே அறியமாட்டாது. மறைப்பினால் கதிரவனுக்குக் குறைவில்லை, சந்திரனும் அழிந்திலன். அவ்வாறே பதி குறைவின்றி விளங்க, பசு அழியாதிருக்க, இடைநின்ற பாசமே மறைக்கின்றது. உவமை முற்றும் ஒவ்வாதென்பதையும் மறவற்க. நிழல் வந்து நீங்குவது, ஆணவமோ அநாதி.

முழு மறைப்பிலும் சந்திரன் கரியனாகாது சிவந்திருந்தமை ஏன்? பூமியைச் சூழ்ந்த வளி, ஞாயிற்றின் செங்கதிரை வளைத்து நிழலினுள்ளும் விடுக்கின்றது. உலகின் விளிம்பெங்கும் அக்கணம் நிகழும் காலை மாலைகளின் ஒளியெல்லாம் ஆங்குச் சேர்கின்றதென்க. மறைத்தலும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்று. அதுவும் அருளே என்பர் பெரியோர். இருளினுள்ளும் ஒளி கைவிடவில்லை யென்பதற்கு இதனினுஞ் சிறந்த காட்சியுண்டோ?

இவற்றைச் சுருக்கிச் சொன்னோம். மாணாக்கன் நெடுநேரம் பேசாதிருந்தான். 7.38க்கு விளிம்பில் வெள்ளொளி கீறியபோது, "ஐயா, நிழல் விலகுது, அம்மம்மாவைக் கூட்டிவந்து காட்டட்டோ?" என்றான். அவரைப் பழிக்கவன்று, அழைத்துக் காட்டவே அவன் விரும்பினான். எம் இளமையில் எமக்குக் கிட்டாதது அதுவே.

அன்பர்களே, அடுத்த கிரகணத்தன்று பிள்ளைகளை அறையினுள் அடைத்துவையாதீர்கள். விளக்கும் பந்துங் கொண்டு முதலிற் கணிதத்தைக் காட்டுங்கள். பின் வெளியே அழைத்துச்சென்று வானத்தைக் காட்டுங்கள். அதன்பின் சித்தாந்தத்தைச் சொல்லுங்கள். மெய்யறிவுக்கு அஞ்சும் சமயம் நம்முடையதன்று. நாம் வாளாவிருப்பின் பிறர் நகைப்பே அவர்கட்கு விடையாகிவிடும்.

திருச்சிற்றம்பலம்.