அழகை நாடும் ஆசை பாவமா?



ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே அழகை விரும்புவதும் ஆன்மாவுக்கு ஆபத்து என்று அஞ்சுகிறோம். திருச்சபையின் போதனை இதுதானா?

புனித அகுஸ்தீனார் (354–430) இளமையில் அழகின் பின்னால் அலைந்தவர். மனந்திரும்பிய பின் ஆசையைக் கொன்றுவிடும்படி அவர் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தும்படியே சொன்னார். படைப்புகளை விரும்பலாம், ஆனால் அவற்றோடு நின்றுவிடலாகாது. மண்ணும் கடலும் வானமும் தம்மைப் படைத்தவரையே சுட்டிக்காட்டுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. 1992-ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூலும், மனிதனுக்குள் இறை ஏக்கத்தை வைத்தவர் இறைவனே என்று கற்பிக்கிறது.

ஆனால் நம் மலையகத்தில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தலவாக்கலைக்கு அருகே சென்கிளேயர் நீர்வீழ்ச்சியைக் காண உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்துகிறார்கள். பச்சை மலை அவர்களுக்குக் காட்சி. படங்கு கட்டி, அட்டைக்கடி பொறுத்து, நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்ற அச்சத்தோடு கொழுந்து பறிக்கும் தாய்க்கோ அது வேலைத்தலம். மாலையில் அவள் திரும்புவது லயத்துக் காம்பராவுக்கு. அழகு இறைவனிடம் இட்டுச்செல்லும் என்று அவளிடம் சொல்லலாமா? இது வயிறு நிறைந்தவர்களின் தத்துவம் அல்லவா?

அல்ல. லயத்து வாசலைப் பாருங்கள். பழைய தகரத்தில் பூச்செடி வளர்ப்பவர் யார்? திருநாளுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்து, மாதா படத்துக்கு மாலை கட்டுபவர் யார்? அந்தப் பூவால் சம்பளம் உயராது. இருந்தும் மனம் அதைக் கேட்கிறது. வறுமையாலும் அழிக்க முடியாத இந்த ஏக்கம், மனிதன் வெறும் வயிறு அல்லன் என்பதற்குச் சான்று. நமக்குள் இறைவன் இட்ட முத்திரை.

அப்படியானால் நமக்குக் கடமையும் உண்டு. அழகு இறைவனிடம் செல்லும் பாதை என்றால், ஒழுகும் கூரையும் நாறும் கானும் அப்பாதையை அடைக்கும் முட்கள். கோவிலை அலங்கரித்துவிட்டு, வெளியே குளிரில் வாடும் ஏழையை மறப்பவர்களைப் புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் (இறப்பு 407) கடுமையாகக் கண்டித்தார்.

பெற்றோரே, நல்ல உடையையும் கொழும்பு வாழ்க்கையையும் விரும்பும் பிள்ளையை உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஆசை உண்மையில் எதைத் தேடுகிறது என்று கேளுங்கள். மதிப்பையா? அன்பையா? உடையால் தர முடியாத ஒன்றையே உள்ளம் தேடுகிறது என்பதைப் பிள்ளை உங்களோடு பேசியே கண்டுகொள்ளட்டும்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும்போது ஒரு நிமிடம் நின்று மலையைப் பாருங்கள். தோட்டம் எவருடையதாயினும், அந்த அழகு துரைக்கும் தொழிலாளிக்கும் சமமாகத் தரப்பட்ட கொடை. தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, அயல் வீட்டுக் கூரையையும் பாருங்கள்.