கல்லமேட்டு எலும்பு

கண்ணால் கண்டதுதான் பிரமாணம் என்று சாதிப்பவர்களோடு எனக்கு வெகு நாளாக ஒரு வழக்கு உண்டு. கண்ட பொருளே அழிந்துபோய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், சிரித்து மழுப்பிவிடுவார்கள். இந்த வழக்குக்கு அரியலூர்ப் பக்கத்தில் அருமையான ஒரு சாட்சி இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வது தவறு; இருந்தது.

அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு என்று ஒரு கிராமம். பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்த ஊர்ப் பெயரை ஒரு பாறை அடுக்குக்குச் சூட்டியிருக்கிறார்கள். பாறை என்றதும் கருங்கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதோ ஓடிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும்தான். இந்த அடுக்கில் தோண்டி எடுத்த எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பில் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு என்று சில. அந்தக் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! நம்மில் நெட்டையான ஆளைப் பக்கத்தில் நிறுத்தினாலும் எலும்புதான் ஜெயிக்கும். பிருஹத்காயசாரஸ் என்று அந்தப் பிராணிக்குப் பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரப் பல்லி என்று அர்த்தம்; சமஸ்கிருதமும் கிரேக்கமும் கலந்த மணிப்பிரவாளம்.

அதற்கு வயது என்ன? மணலிடம் நேராகக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு மணலும் தான் உதிர்ந்து வந்த தாய்ப்பாறையின் வயதைத்தான் சொல்லும். ஆகவே அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். நம் பாட்டிமார், “பெரிய புயல் அடித்ததே, அதற்கு மறு வருஷம் பிறந்தவள் நான்” என்று சொல்வதில்லையா, அதே கணக்குதான். கல்லமேட்டு அடுக்குக்குக் கீழே கடல் அடுக்குகள். அவற்றில் சிப்பிகளும், சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் உண்டு. மேலே நின்னியூர் அடுக்கு; அதுவும் கடல்தான், ஆனால் அதிலுள்ள சிப்பிகள் வேறு யுகத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே கல்லமேடு. டைனோசார்கள் அழிந்த காலம், அதாவது சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முந்தியது, அதற்கு மேல் எல்லை. இந்தப் பிரதேசத்தை அளந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து பிளான்போர்டு எழுதியது 1862-ல். ஒரு கடலே இங்கே வந்து தங்கிப் போயிருக்கிறது. அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான் இன்று சிமெண்டாக்கி வீடு கட்டிக்கொள்கிறோம்.

எலும்புக் கதைக்கு வருவோம். அந்த எலும்புகள் இன்று இல்லை. மண்ணிலிருந்து வெளியே எடுக்கும்போதே விரிசல் விட்டவை. மழை ஈரத்தில் ஊறியவை. சாந்து பூசிக் கட்டியும் தாங்கவில்லை, உதிர்ந்துபோயின. இந்தச் செய்தி உலகத்துக்கு விவரமாகத் தெரிந்தது 2017-ல். அதுவரையில் அறிஞர்கள் கையில் இருந்தவை சில கோட்டுச் சித்திரங்களும் சில அளவுகளும்தான். அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று சிலர் சந்தேகித்தார்கள். இந்த வட்டாரத்தில் கல்மரம் கிடைப்பதும் வாஸ்தவம்தான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. அதற்கு வேலி போட்டுக் காத்துவருகிறார்கள்.

காட்சி, கருதல், உரை என்று நம் பெரியவர்கள் அளவையை மூன்றாகச் சொன்னார்கள். நம்பத்தக்கவன் வாக்கும் ஒரு பிரமாணமே என்பது அவர்கள் கட்சி. நீதி ஸ்தலத்தில் இரண்டு பேர் வாக்கை நம்பி ஒரு மனிதனின் உயிரையே எடுத்துவிடுகிறோம். விஞ்ஞானமோ இரண்டு பேர் வாக்கை நம்பி ஒரு பல்லிக்கு உயிர் கொடுக்கக்கூட மறுக்கிறது. இது அநியாயம் என்றுதான் முதலில் தோன்றும். சந்தேகப்படுகிறவன், “நீ பொய் சொன்னாய்” என்று சொல்லவில்லை. “நீ தவறாகப் பார்த்திருக்கலாம்” என்றுதான் சொல்கிறான். ஆனால் கேட்கிறவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இருவரும் தாங்கள் எடுத்தது மாமிசம் தின்னும் பிராணியின் எலும்பு என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துள்ள தழை தின்னும் பிராணி என்று திருத்தினார்கள். பார்த்தது சரி, கருதியது பிசகு. வாக்கை நம்பும்போது இந்த இரண்டையும் சேர்த்து நம்பிவிடுகிறோம் என்பதுதான் ஆபத்து.

2022-ல், தோண்டிய காலத்து நிழற்படங்களை அய்யாசாமியும் பால் என்பவரும் வெளியிட்டார்கள். எலும்பு மண்ணில் கிடக்கும் படங்கள். மரம் என்ற பேச்சு அதோடு பெரும்பாலும் அடங்கிற்று. 2023-ல் வந்த ஒரு கணக்கு, அந்தப் பிராணி 100 டன்னுக்கு மேல் இருந்திருக்கும் என்கிறது. உடனே நம்மவர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. இங்கேதான் எனக்கு நெருடுகிறது. அதே எலும்பு ஒரு முழ நீளம் இருந்து உதிர்ந்திருந்தால், அந்த இருவர் வாக்குக்காக நம்மில் யாராவது வரிந்து கட்டிக்கொண்டு வாதாடியிருப்போமா? பெரிது என்பதால் நம்ப ஆசைப்படுகிறோம். பெரிது என்பதாலேயே மற்றவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். இரண்டு பேருமே சாட்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எலும்பை நம்புகிறேன். உலகத்திலேயே பெரியது என்பதை நம்பவில்லை. அது இல்லாத எலும்பின் மேல் ஏற்றிய கணக்கு. இப்படிப் பிரித்துச் சொன்னால் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். போகட்டும்.

அதே கல்லமேட்டு அடுக்கில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல்லைப் பற்றி 2013-ல் சிலர் எழுதினார்கள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ட்ரூடான்டிட் என்ற பறவைச் சாயலுள்ள டைனோசார் வகையின் பல் என்று அவர்கள் கட்சி. மறுக்க நினைக்கிறவன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பல்லோடேயே சண்டை போடலாம். எழுதியவர்களின் யோக்கியதையைப் பற்றிப் பேச்சே எழ வேண்டியதில்லை.