வண்ணத்துப்பூச்சி சொல்லித்தரும் தவ்பா

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

நம் வீட்டு எலுமிச்சை மரத்திலும் கறிவேப்பிலைச் செடியிலும் ஒரு புழுவைப் பார்த்திருப்பீர்கள். சிறியதாக இருக்கும்போது பறவையின் எச்சம் போலத் தெரியும். வளர்ந்ததும் இலையைப் போலப் பச்சையாகிவிடும். அதன் வேலை தின்பது ஒன்றுதான். நான்கு முறை தோலுரித்து வளர்ந்த பின், ஒரு நாள் தின்பதை நிறுத்துகிறது. கிளையில் தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது.

உள்ளே அதன் பழைய உடலின் பெரும்பகுதி கரைந்து, புதிய உடல் உருவாகிறது. ஆனால் இறக்கைக்குரிய சின்னஞ்சிறு செல் திரள்களை அது புழுவாக ஊர்ந்தபோதே அதற்குள் அல்லாஹ் வைத்திருந்தான். சுப்ஹானல்லாஹ்! பாவத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் மனிதனுக்குள்ளும் ரப்பு என்ன வைத்திருக்கிறான் என்பதை நாம் அறிவோமா?

சகோதரர்களே! தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் கூறுகிறார்கள். பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதிகொள்வது.

வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். இலையைக் கடித்த தாடை இப்போது அதற்கு இல்லை. தேனை உறிஞ்சும் குழல்தான் இருக்கிறது. பழைய உணவுக்கு அது திரும்புவதில்லை. வட்டியை விட்டேன் என்பவரின் உணவும் அப்படி மாற வேண்டும்.

வருத்தம் எதற்கு? 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வண்ணத்துப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு ஒரு வாசனையோடு சேர்த்து லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். வளர்ந்த புழுக்கள் பலவும் பூச்சியாக மாறிய பின்பும் அந்த வாசனையை விட்டு விலகின. உடல் மாறியும் பாடம் மறக்கவில்லை. பழைய பாவத்தின் நினைவும் நம்மை அப்படித்தான் காக்க வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த உவமை நின்றுவிடுகிறது. புழு தின்ற இலையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நாம் தர வேண்டும். அடியார்களின் ஹக்கில் நான்காவது நிபந்தனை உண்டு: உரியவரிடம் ஒப்படைப்பது. சகோதரிக்குக் கொடுக்காத வாரிசுப் பங்கை வைத்துக்கொண்டு இஸ்திக்ஃபார் மட்டும் செய்தால் போதாது.

கண்ணியமானவர்களே! ஃபுளைல் பின் இயாள் (ரஹ்) அவர்கள் ஒரு காலத்தில் வழிப்பறிக் கொள்ளையர். இரவில் குர்ஆன் ஓதப்படுவதைக் கேட்டு உள்ளம் உடைந்து தவ்பா செய்தார்கள். பின்னர் மக்காவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 187-ல் வஃபாத்தானார்கள். இன்று எந்த மத்ரஸாவிலும் அவர்களை யாரும் கொள்ளையர் என்று அழைப்பதில்லை; இமாம் என்கிறோம்.

அப்படியானால் நம் மஹல்லாவில் குடியை விட்டுவிட்டுக் கடைசி ஸஃப்பில் வந்து நிற்கும் இளைஞரை நாம் என்னவென்று அழைக்கிறோம்? பழைய பட்டப்பெயர் சொல்லியா? பெண் கேட்டு வந்தாலும் வேலை கேட்டு வந்தாலும் அவருடைய பழைய கதையைத் தோண்டுகிறோமே! பாவமே செய்யாதவரைப் போல என்று நபி (ஸல்) அவர்கள் உயர்த்திச் சொன்னவரை நாம் தாழ்த்தலாமா?

கூட்டிலிருந்து வந்த பூச்சி உடனே பறப்பதில்லை. சுருங்கிய இறக்கை விரிந்து உலரும்வரை காத்திருக்கிறது. அந்த நேரத்தில் தொட்டால் இறக்கை பாழாகிவிடும். திருந்தி வருபவருக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள். இன்று தொழுகை முடிந்ததும் அவருக்கு ஸலாம் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் தவ்பாவையும் கபூல் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.