வரவேற்பறைக்கு வந்த உற்சவர்

கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோவிலில் உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குரிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 மார்ச்சில் ஏற்றது. அது 16ஆம் நூற்றாண்டுத் திருமேனி. 1957-இல் அது கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நிழற்படம் சாட்சி. 1967-இல் லண்டனில் நடந்த சோத்பி ஏலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இடைப்பட்ட பத்தாண்டுக்குள் ஆழ்வார் ஒரு தனியார் சேகரிப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். கோயிலில் அவர் இடத்தில் ஒரு போலி நின்றது. ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சேகரிப்பாளர் திருடினார் என்று யாரும் சொல்லவில்லை. விற்றவர், ஏலம் விட்டவர், காசு கொடுத்தவர் எல்லோரிடமும் ரசீது இருந்திருக்கும். ஆனால் இது எங்கே இருந்தது, அங்கிருந்து யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவர்களில் ஒருவரும் விடாமல் கேட்கவில்லை.

இதைச் சீமைக்காரர் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. புணே விமான நிலையத்தை ஒட்டிய லோஹேகாவில் இன்று வரிசை வரிசையாக அடுக்ககங்கள். விமானப்படையிலும் கணினி நிறுவனங்களிலும் வேலை பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கும் உண்டு. புது வீட்டுக் கூடத்துக்கு ஒரு நடராசர், வாசலருகே ஒரு புத்தர் தலை, கண்ணாடி அலமாரிக்கு ஒரு தேய்ந்த பித்தளைக் கண்டோபா என்று தேடுவது இயல்பாகிவிட்டது. புணேயின் ஜூனா பஜாரிலும் மும்பையின் சோர் பஜாரிலும் பழசு என்று சொன்னாலே விலை ஏறுகிறது. இங்கே முடிவைத் தயங்காமல் சொல்லிவிடலாம்: வந்த வழி தெரியாத பழைய தெய்வ உருவை வீட்டின் அழகுக்காக வாங்குவது அறமன்று. எத்தனை ஆசையோடு வாங்கினாலும் அறமன்று.

நம் முன்னோர் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறார்கள். பிறர் பொருளைக் கவர மனத்தால் நினைப்பதே தீது என்பது கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் நிலை. வெஃகாமைக்கு அவர் தனியே ஓர் அதிகாரம் வைத்ததும் காரணமின்றி அல்ல. கை நீளுமுன் கண் நீள்கிறது. பூம்புகார் வணிகர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதவர் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. அதே நகரின் வெள்ளிடை மன்றத்தில் பொதியைத் திருடியவன் அந்தப் பொதியையே கழுத்து நோகச் சுமந்து திரிய வேண்டியிருந்தது என்கிறது சிலப்பதிகாரம். எல்லாவற்றையும்விடக் கூர்மையாகப் பேசுவது சமணரின் தத்துவார்த்த சூத்திரம். திருட்டைத் தூண்டுதல், திருடிய பொருளைப் பெறுதல், அரச விதியை மீறி வணிகம் செய்தல், கள்ள அளவை, போலியை அசலென விற்றல் ஆகிய ஐந்தையும் அது கள்ளாமை விரதத்தின் குற்றங்களாக எண்ணுகிறது. இன்றைய சிலைச் சந்தையில் இவை அனைத்தும் உண்டு. கோயிலுக்குள் ஆள் அனுப்புவதும், புதுச் சிலையை மண்ணில் புதைத்துப் பழசாக்கி விற்பதும் அங்கே நடப்பவைதான். பெற்றுக்கொள்பவர் அந்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கிறார்.

சட்டமும் இதே பக்கம்தான். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பம் பதிவு செய்யப்பட வேண்டும். அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உடைமை கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தஞ்சைப் பகுதிப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியில் கிடைத்துக் கைமாறிய நடராசரை 1982-இல் கனடா நிறுவனம் ஒன்று இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்று லண்டனில் வழக்காடியது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த அந்தக் கோயிலையே உரிமையுள்ள தரப்பாக ஏற்றது. நடராசர் ஊர் திரும்பினார். பூசை நின்றுபோன கோயிலுக்கும் உரிமை அற்றுப்போவதில்லை என்று அயல்நாட்டு நீதிபதிகள் கண்டார்கள். உற்சவருக்கு நீராட்டு உண்டு, பட்டு உண்டு, வீதியுலா உண்டு. அவரைக் குவிவிளக்கின் கீழ் நிறுத்திவிட்டுப் பாதுகாக்கிறோம் என்பது எப்படித் தகும்?

சேகரிப்பவரின் அன்பும் பொருளைக் காக்கும் என்பது உண்மை. புணேயில் தினகர் கேள்கர் வீடு வீடாகத் தேடி விளக்கும் பாக்குவெட்டியும் சேர்த்தார். இளவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரில் அது பொது அருங்காட்சியகமாகி, அரசின் கைக்குப் போனது. அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து திருவரங்கத் திருப்பணி செய்தவர் திருமங்கையாழ்வார் என்று வைணவ மரபே சொல்கிறதே என்று கேட்பார் உண்டு. அந்தக் கதை கூசச் செய்கிறது, கூசத்தான் வேண்டும். பக்திக்காக எடுத்ததே நெஞ்சை உறுத்தும்போது, சுவர் அழகுக்காக எடுப்பதை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது? வாசலை அலங்கரிக்கும் புத்தர் தலையும் குற்றமற்றதன்று. முழு உருவைத் தூக்க முடியாதவர்கள் கழுத்தை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்த தலைகளே அந்த மோகத்தைப் பரப்பின.

மராத்திக் குடும்பங்களின் பூசையறையில் டாக் எனப்படும் சிறு வெள்ளித் தகடுகள் இருக்கும். குலதெய்வமும் மறைந்த முன்னோரும் அதில் உருவாகி நிற்பார்கள். அவையும் பழம்பொருள் கடைக்கு வருகின்றன. வறட்சியில் நொடித்த வீடு எதையெல்லாம் விற்கும் என்று வாங்குபவர் ஒரு கணம் நினைக்க வேண்டும். லோஹேகாவ், மராத்தி பக்திக் கவிஞர் துக்காராமின் தாய் பிறந்த ஊர் என்பது மரபு. பஞ்சத்துக்குப் பின் தம் பங்குக்கு வந்த கடன் சீட்டுகளை இந்திராயணி ஆற்றில் விட்டவர் துக்காராம். சட்டப்படி தமக்கு வர வேண்டியதைக்கூட ஏழை வீட்டிலிருந்து பெற அவர் ஒப்பவில்லை. அவர் கீர்த்தனம் பாடிய ஊரில் இன்னொரு வீட்டின் முன்னோரைக் காட்சிப் பொருளாக்கலாமா?

சிற்பம் வேண்டுவோருக்குச் சுவாமிமலை இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடித்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் வார்த்து, கருவை உடைத்து எடுப்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. ஸ்தபதியின் பெயரும் பட்டறையும் தெரியும். கொடுத்த பணம் உழைத்தவருக்கே போகும். வீட்டில் ஏற்கெனவே பாட்டனார் விட்டுப்போன பழைய திருமேனி இருந்தால், எல்லாப் பக்கமும் படமெடுத்து, தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் காட்டலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயில் படங்களோடு ஒப்பிடக் கேட்கலாம். கோயில் இன்னதென்று தெரிந்தால், அங்கே எழுதுவதை அடுத்த தலைமுறைக்குத் தள்ள வேண்டாம்.